புரட்டிப் புரட்டிப் பார்த்த பழம்

குணவதி அம்மாவைத் தேடி வருகிறவர்கள் முதலில் ஒரு மடத்தைத் தேடுவார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே உப்பளங்களைத் தாண்டி, மணல் பாதையில் மூச்சு வாங்க நடந்து வந்து, ஓட்டு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் பெண்ணிடம், “இங்க அம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, எங்க இருக்காங்க?” என்று கேட்பார்கள். “நான்தான்” என்பார் அவர். வந்தவர் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும். காவி கிடையாது, ருத்திராட்சம் கிடையாது, வயதுகூட ஐம்பதைத் தொடவில்லை. கையில் ஈரப் பாவாடை வேறு.

ஏகாம்பரமும் ஒரு மார்கழியில் அப்படித்தான் வந்து நின்றார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. காஞ்சிபுரத்தில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதுதான் அந்த வேலை. முப்பத்திரண்டு வருடம் அதைச் செய்தார். ஒரு கடைக்காரன் சொல்லையும் அவர் நம்பியதில்லை. வேலைக்கு அது நல்ல குணம்தான்.

அம்மா அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“என் சம்சாரம் என்னை விட்டுட்டுப் போயி நாலு வருஷம் ஆகுதும்மா. பேரு செங்கமலம். இப்ப வந்தவாசியில, அவ தம்பி வீட்டுல இருக்கா.”

“ஏன் போனாங்க?”

“ஒண்ணுமில்லாத விஷயம்மா. செய்யாறுல ஒரு கல்யாணம். தனியா போயிட்டு வந்தா. அஞ்சு மணி பஸ்ஸுல ஏறினேன்னா. அந்த பஸ்ஸு ஆறரைக்கெல்லாம் வந்துடணும். இவ வந்தது ஏழேகாலுக்கு. டிக்கெட்டக் காட்டுன்னேன்.”

“காட்டினாங்களா?”

“எடுத்து என் கையில வச்சா. சரியாத்தான் இருந்துச்சு. பஸ்ஸுதான் லேட்டு. மறுநாள் காலையில பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா.”

“டிக்கெட் சரியா இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேனே! நல்லா பாத்துட்டு, சரியா இருக்குன்னு சொல்லித்தானே திருப்பிக் குடுத்தேன்.”

அம்மா அடுத்த துணியை உதறினார்.

“தப்பு என் பேர்லதான்னு இப்பத் தெரியுதும்மா. போய்க் கூப்பிடணும். ஆனா அவ மனசு இன்னும் அப்படியே இருந்து, நான் போய் நின்னேன்னா அவ்வளவுதான், அதோட முடிஞ்சது. அவ மனசு மாறிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? அத மட்டும் சொல்லுங்க.”

அம்மா உள்ளே போய், தேடி, காகிதத்தில் மடித்த நான்கு கறுப்பு விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“தர்பூசணி. இந்த வீட்டுக்குப் பின்னால இடம் இருக்கு, இங்கயே தங்குங்க. ஒரே ஒரு பழம் விளைய வைங்க. பழுத்ததும் நீங்களே பறிச்சு எடுத்துட்டு வாங்க. அன்னிக்குச் சொல்றேன்.”

“பழுத்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“அதத்தானே நீங்களும் கேக்குறீங்க?” என்றார் அம்மா.

வேறு யாராக இருந்தாலும் மூன்று மாதமா என்று மலைத்துப் போயிருப்பார்கள். ஏகாம்பரம் மலைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருந்தது. காஞ்சிபுரத்து வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாமே.

அந்த வீட்டில் செங்கமலம் இருந்தவரை அவருக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. உப்பு டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா, அவள் போனில் யாரிடம் பேசுகிறாள், பேசியதாகச் சொன்னவரிடம்தான் பேசினாளா என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அவள் போன பிறகு எல்லா மூடிகளும் சரியாக மூடியே இருந்தன. அவர் மூடியவைதானே. தான் போட்ட பூட்டைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குவார். திரும்பி வந்தால் பூட்டு அப்படியே தொங்கும். உள்ளே போனால் காலையில் குடித்து வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த டம்ளரைப் பார்க்கத்தான் அவருக்கு ரொம்பப் பயம்.

தை பிறந்து ஐந்தாம் நாள் விதை ஊன்றினார். நல்ல மணல் பாங்கான இடம். முழங்கை ஆழம் குழி வெட்டி, மக்கிய எரு போட்டு, விரல் கணுவை வைத்து அளந்து நான்கு விதைகளையும் ஒரே ஆழத்தில் வைத்தார். நான்கும் முளைத்தன. வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளச் சொன்னார் அம்மா. எது வலுவானது என்று முடிவு செய்ய அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

கொடி ஓடியது. மாசியில் பூத்தது. முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில், அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு ஒரு பூவைப் பார்த்தார். தேனீ வரும் என்று காத்திருக்க அவருக்கு மனம் இல்லை. ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைத் தன் கையாலேயே தடவிவிட்டார். பிஞ்சு நின்றது. மற்றவற்றைக் கிள்ளிப் போட்டார்.

அன்றிலிருந்து அவருக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் காயைச் சுற்றி நூல் பிடித்து அளப்பார். நோட்டில் எழுதுவார். நேற்றைய அளவோடு ஒப்பிடுவார். தேங்காய் அளவு வந்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் உறுத்தியது. காய் மண்ணில் கிடந்த பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. மற்ற பக்கமெல்லாம் கரும்பச்சை வரிகள் ஓட, அங்கே மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. வெயில் படாததால் வந்த குறை என்று நினைத்தார். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறு பக்கம் இன்னொரு மாதிரி இருந்தால் அவர் முத்திரை குத்துவாரா? அன்றிலிருந்து தினமும் காயைக் கால் சுற்று புரட்டி வைத்தார். நான்கு நாளில் ஒரு முழுச் சுற்று. வெளுப்பு மெல்ல மறைந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான பெரிய காரியமாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் வந்தவாசிக்குப் போன் போடுவார். செங்கமலத்தின் தம்பி தண்டபாணி எடுப்பான். பாய்க் கடை வைத்திருக்கிறான். நல்ல மனுஷன், ஆனாலும் நான்கு வருடமாகத் தினமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் யாருக்குத்தான் அலுக்காது?

“அக்கா என்ன சொல்றா?”

“ஒண்ணும் சொல்லல மாமா.”

“என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?”

“கேக்கல மாமா.”

“நான் போன் பண்ணேன்னு சொல்றியா அவகிட்ட?”

“சொல்றேன் மாமா.”

“சொன்னா என்ன சொல்றா?”

“அதான் மாமா, ஒண்ணும் சொல்லல.”

போனை வைத்துவிட்டு அவர் பின்னால் போய்க் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்வார். ஒரு சாயங்காலம் காயைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தான் கேட்டது காதில் விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. யாரும் இல்லாதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பங்குனி பிறந்ததும் நெடுஞ்சாலையில் தர்பூசணிக் குவியல்கள் முளைத்தன. பச்சையம்மா என்று ஒருத்தி, தென்னை ஓலைப் பந்தல் போட்டு வியாபாரம் செய்தாள். சொந்த நிலத்துப் பழம். ஏகாம்பரம் அவளிடம் போய் நின்றார்.

“காய் பழுத்துடுச்சுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

“எத்தினி ஏக்கரு போட்டிருக்கீங்க?”

“ஒரு காய்.”

பச்சையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் பதில் சொன்னாள்.

“காம்பு கொடியில சேர்ற எடத்துல சுருட்ட சுருட்டயா ஒரு இழை இருக்கும் பாரு. அது பச்சயா இருந்தா தொடாத. சுத்தமா காஞ்சி பழுப்பாவணும். அப்பறம் தட்டிப் பாரு. காயா இருந்தா டங்குனு கேக்கும். பழமா இருந்தா பொத்துனு கேக்கும். அதுக்கும் மேல, வயித்தப் பாரு. மண்ணுல படுத்துக் கெடக்குற பக்கம். வெள்ளயா இருக்கிறது நல்லா மஞ்சளாயிடுச்சுன்னா கண்ண மூடிக்கினு அறுக்கலாம்.”

“மூணுல எது நிச்சயம்?”

“வயிறுதான்.”

“அவசரப்பட்டுப் பறிச்சுட்டா, வீட்டுல வச்சா பழுக்காதா?”

“மாம்பழமா அது, வைக்கோல்ல வெச்சிப் பழுக்கப் போட? கொடியில பழுத்தாத்தான். அறுத்தா அறுத்ததுதான்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தார். வந்ததும் காயைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. இன்னும் நாள் இருக்கிறது போல என்று நினைத்தார். அன்றிலிருந்து கால் சுற்று புரட்டியது போக, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மஞ்சள் வந்துவிட்டதா என்று தூக்கிப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது.

பங்குனி இருபத்தொன்றாம் தேதி சுருள் காய்ந்தது. தொட்டால் உடைந்துவிடும் போல் இருந்தது. தட்டிப் பார்த்தார். பொத் என்றது. வயிற்றைப் பார்த்தார். பச்சை.

மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை.

“அம்மா, சுருள் காஞ்சிடுச்சு. சத்தமும் சரியா இருக்கு. வயிறு மட்டும் மஞ்சளாகல.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“மூணுல ரெண்டு சரியா இருக்கு. ஆனா நிச்சயமானது அந்த மூணாவதுதானாம்.”

“அப்ப பாருங்க” என்று அம்மா போய்விட்டார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இலைகள் ஓரம் கருகின.

சித்திரை இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. மத்தியானம் போன் அடித்தது. நான்கு வருடத்தில் தண்டபாணி தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“மாமா, அக்கா ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு.”

ஏகாம்பரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “சொல்லு.”

“ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிச்சு.”

“யாரை?”

“உங்களத்தான் மாமா.”

“என்னைத்தான்னு சொன்னாளா?”

“‘மாமாவ வரச் சொல்லு’ன்னுச்சு. எனக்கு எத்தினி மாமா இருக்காங்க?”

“எப்படிச் சொன்னா?”

“அரிசி பொடைச்சிக்கினே சொல்லிச்சு.”

“முகம் எப்படி இருந்துச்சு?”

“அரிசியப் பாத்துக்கினு இருந்துச்சு மாமா.”

போனை வைத்ததும் தோட்டத்தை இரண்டு சுற்று நடந்தார். சட்டை எதைப் போட்டுக்கொள்வது என்று யோசித்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது. அது ஒரு மணி நேரம் நீடித்தது. பிறகு, இது தண்டபாணியே இட்டுக்கட்டியதாக இருந்தால்? தினமும் போன் தொல்லை தாங்காமல், ஆளை வரவழைத்து நேரிலேயே முடித்துவிடலாம் என்று அவன் நினைத்திருந்தால்?

மூன்று மணிக்குப் போன் போட்டார். “நீயா சொல்றியா, அவளே சொன்னாளா?”

“அக்காதான் மாமா சொல்லிச்சு.”

“சத்தியமா?”

“சத்தியமா மாமா.”

ஐந்து மணிக்கு மறுபடியும் போட்டார். “ஒருவேளை எல்லார் முன்னாலயும் கேள்வி கேக்கத்தான் கூப்பிடுறாளோ? நிஜமாத்தான் கூப்பிடுறாளான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்.”

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு கேட்டது. பிறகு தண்டபாணியின் குரல் தணிந்து வந்தது.

“மாமா, அக்கா பக்கத்துலதான் இருக்குது. மூணு தடவ நீங்க கேட்டதையும் கேட்டுக்கினுதான் இருந்துச்சு. இன்னொரு தடவ போன் பண்ணிக் கேட்டா, வரவே வேணாம்னு சொல்லிடச் சொல்லுது.”

அன்று ஏகாம்பரம் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் அம்மாவிடம் போனார். அம்மா வாசல் நிழலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். சாமியார் வீட்டில் மீனா என்று முதலில் முகம் சுளித்தவர்களில் ஏகாம்பரமும் ஒருவர். இப்போது அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“ஒரே ஒரு தடவை கேட்டுடட்டுமாம்மா?”

“கேட்டா?”

“வராதேன்னுடுவா.”

“கேக்காட்டி?”

“மனசு நிக்க மாட்டேங்குதும்மா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அரிசியப் பாத்துக்கிட்டு சொன்னாளாம். அதுக்கு என்ன அர்த்தம்? ஆசையா கூப்பிட்டா நிமிந்து பாத்துதானே சொல்லுவாங்க?”

“அரிசியில கல்லு இருந்திருக்கும்” என்றார் அம்மா. “பழம் என்னாச்சு?”

“வயிறு இன்னும் மஞ்சளாகல.”

“சுருள் காஞ்சு எத்தனை நாள் ஆச்சு?”

“பன்னண்டு நாள்.”

அம்மா மீன் சட்டியை மூடி வைத்தார். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் அந்தக் கொடிப் பக்கம் வந்ததே இல்லை. இப்போது வந்து காய்க்கு முன்னால் குந்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காம்பைத் தொட்டார். காம்பு முறுக்கிய கயிறாக இருந்தது.

“இது எந்தப் பக்கமா படுத்துக் கெடந்துச்சு?”

“எல்லாப் பக்கமும்மா” என்றார் ஏகாம்பரம். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “தினமும் கால் சுத்து திருப்பி வச்சேன். ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்துச்சு. எல்லாம் ஒரே சீரா இருக்கட்டும்னு.”

“வயித்த எப்பப் பாப்பீங்க?”

“காலையில ஒரு தடவை தூக்கிப் பாப்பேன். சாயங்காலம் ஒரு...”

அவர் கண் காயின் மேல் நின்றது. அந்தப் பழத்துக்கு வயிறு என்று ஒரு பக்கம் இருக்கவே அவர் விட்டிருக்கவில்லை. மஞ்சள் எங்கே வரும்?

அம்மா சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா சிரிக்கவில்லை. அரிவாள்மனையைக் கொண்டுவந்து காம்பை ஒரே இழுப்பில் அறுத்தார்.

“ஐயோ, அம்மா!” என்று ஏகாம்பரம் கையை நீட்டினார்.

அதற்குள் பழம் இரண்டாகியிருந்தது.

உள்ளே நல்ல சிவப்பு. ஆனால் நடுவில் சதை விலகி ஒரு கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. விதைகள் தாமாகக் கழன்று கிடந்தன. ஓரத்தில் சதை மாவாகிவிட்டது. அம்மா ஒரு துண்டைக் கீறி வாயில் போட்டார்.

“இனிப்பு இருக்காம்மா?”

“இருக்கு. போன வாரம் இன்னும் இருந்திருக்கும்.”

“எப்ப பழுத்துச்சு இது?”

“சுருள் காஞ்சப்பவே.”

“பன்னண்டு நாளா நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேனேம்மா.”

“ஆமா.”

அம்மா அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அவர் நின்றபடியே அதைத் தின்றார். சதை வாயில் கரகரவென்று உதிர்ந்தது. தின்னத் தின்ன அவருக்கு அழுகை வந்தது. சாறும் கண்ணீரும் ஒன்றாகத் தாடையில் வழிந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ஒருத்தி சமைத்துப் போட்டாள். ஒரு நாளாவது உப்பு போட்டாயா என்று கேட்காமல் அவர் வாயில் வைத்ததுண்டா? அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு நாளும் அகப்படவில்லை.

பாதி பழம் மணலில் கிடந்தது. எறும்புகள் அதற்குள் வந்துவிட்டன.

“நான் போய் நின்னு, அவ கதவச் சாத்திட்டா?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

“சாத்தலாம்.”

“அப்படி நடந்தா எனக்கு வேற யாருமில்லம்மா.”

“தெரியும்.”

“பழம் பறிக்கிற அன்னிக்குச் சொல்றேன்னீங்களே.”

“சொல்றேன்னுதான் சொன்னேன்.”

“அப்ப சொல்லுங்க. அவ நிஜமாத்தான் கூப்பிடுறாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மா அரிவாள்மனையை மடக்கினார்.

“தெரியாமலே போங்க” என்றார்.